அத்திப்பழம் தின்ற ஈரல்

1

இந்த வாரம் எங்கள் ஆலை கேன்டீனில் வெங்காயம் போட்டு வதக்கிய ஈரல் வைத்திருந்தார்கள். பரிமாறுகிற அம்மாள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “ஃபேகத்தோ?” என்று கேட்டாள். இத்தாலிய மொழியில் கல்லீரலுக்கு அதுதான் பெயர். நான் சட்டென்று பின்னால் நகர்ந்து, வரிசையில் நின்ற மீர்ச்சாவின் காலை மிதித்துவிட்டேன். மீர்ச்சா ருமேனியாக்காரன். என்னோடு ஒரே மேசையில் இயந்திரம் பூட்டுகிறவன். “இவனுக்கு அது வேண்டாம் அம்மா, குடும்ப விஷயம்” என்று சொல்லி என் தட்டை நகர்த்தி விட்டான்.

என்ன குடும்ப விஷயம் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் என் அக்கா சொன்ன கதையைத்தான் கேட்டிருப்பீர்கள். அதில் நான் பெரிய வீரனாக வருவேன். நம்பாதீர்கள்.

நான் குன்னத்துக்காரன். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டுகிற பகுதியில் வேலை பார்த்தேன். அங்கே இருந்த இயந்திரம் இத்தாலியில் செய்தது. அடிக்கடி படுத்துக்கொள்ளும். அதைத் தட்டித் தட்டி எழுப்பியே பழகினேன். கடைசியில், ‘எழுப்பத் தெரிந்தவனைக் கொண்டு போய்விடலாம்’ என்று அதைச் செய்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ, என்னை இங்கே போலோன்யாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் ஆலைக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். மனைவி செல்வி திருமானூர்க்காரி. மகள் கயல் இங்கேயே பிறந்தவள்.

என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அதனால் ஆலையில், வங்கியில், கயலின் பள்ளியில், எங்கே போனாலும் என்னைக் ‘கலியன், கலியன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா உயிரோடு இருந்தவரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. மேஸ்திரி முதல் துப்புரவுக்காரர் வரை இங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரை கூப்பிடுகிறார்கள்.

2

எங்கள் பகுதி டாக்டரம்மா ஒரு நாள் என் வயிற்றின்மேல் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார். திரையைப் பார்த்துக்கொண்டே “ஃபேகத்தோ க்ராஸ்ஸோ” என்றார். கொழுத்த ஈரல். இந்த வயதில் பாதிப் பேருக்கு இருப்பதுதான், நடங்கள், சோற்றைக் குறையுங்கள், சரியாகிவிடும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எனக்குச் சாதாரணமாகத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதே விலாவுக்குக் கீழே கனத்தது. ஒரு நிறுத்தம் தாண்டுவதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது போல இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உற்றுப் பார்த்தேன். எதிர் சீட்டுக்காரர் தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வீட்டுக்குப் போய் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்து, செல்வியிடம் தழுதழுக்கச் சொன்னேன்.

“கொழுப்பு வாயில மட்டுந்தான்னு நெனச்சேன். ஈரல்லயுமா?” என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சப்பாத்தி.

கயல் படிக்கிற பள்ளியில் லத்தீன் உண்டு. ரோமானியர்கள் பேசி, யாரும் பேசாமல் விட்டுவிட்ட மொழி. அதில் என் மகள் வகுப்பில் முதல். தமிழில் மட்டும் “பா, நான் சாப்பிட்டான்” என்பாள். திருத்தினால் “புரிஞ்சிச்சுல்ல?” என்பாள். அந்த வாரம் அவளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உடம்பின் ஓர் உறுப்பை எடுத்துக்கொண்டு, அதன் பெயர் லத்தீனிலிருந்து எந்தெந்த மொழிக்கு எப்படிப் போனது என்று வகுப்பில் பேச வேண்டும். மற்றப் பிள்ளைகள் கை, காது, இதயம் என்று எடுத்தார்கள். என் மகள் கல்லீரல் எடுத்தாள். சோபாவில் மாதிரி ஒன்று படுத்திருந்ததே, அதுதான் காரணம்.

அவள் கண்டுபிடித்து வந்து சொன்னதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். ரோமானியர்கள் முதலில் கல்லீரலை ‘யேகுர்’ என்றார்கள். அவர்களில் வசதியானவர்கள் வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழத்தை ஊட்டி ஊட்டி ஈரலைக் கொழுக்க வைத்துச் சமைத்தார்கள். கிரேக்கர்களிடம் கற்றுக்கொண்ட வழக்கம். அத்திக்கு லத்தீனில் ‘ஃபீகுஸ்’. அந்தப் பண்டத்துக்கு ‘யேகுர் ஃபிகாதும்’, அத்தி ஊட்டிய ஈரல் என்று பெயர். நாம் ஹோட்டலில் ‘ஒரு ரவா’ என்று சொல்லிவிட்டுத் தோசை என்பதை முழுங்கிவிடுகிறோம் இல்லையா, அதுபோல அவர்கள் யேகுரை முழுங்கிவிட்டார்கள். வெறும் ஃபிகாதும் என்றாலே ஈரல் என்றாயிற்று. பிறகு வாத்தின் ஈரலுக்கு மட்டுமல்ல, மனிதனின் ஈரலுக்கும் அதுவே பெயர். யேகுர் என்ற பழைய சொல் பேச்சிலிருந்து காணாமலே போய்விட்டது.

அந்த ஃபிகாதும்தான் இத்தாலியில் ஃபேகத்தோ. ஸ்பெயினில் முன்னெழுத்து தேய்ந்து ஈகதோ. போர்ச்சுகலில் ஃபீகது. பிரெஞ்சுக்காரர்கள் எதையுமே முழுதாகச் சொல்ல மாட்டார்கள், ஃபுவா என்று நிறுத்திவிட்டார்கள். மீர்ச்சாவிடம் கேட்டேன், ருமேனியாவில் ஃபிகாத் என்றான். கிட்டத்தட்ட ரோமாபுரியில் வைத்த பெயர் அப்படியே. இன்றைய கிரேக்க மொழியிலும் ஈரலுக்குள்ளே அத்திதான் இருக்கிறதாம், ‘சிகோதி’. ஜெர்மன்காரன் மட்டும் லேபர் என்று தன் வழியில் போய்விட்டான். டாக்டர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் நோய்க்குப் பெயர் வைக்கும்போது இன்னொரு பழைய கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். சமையல்காரன் வைத்த பெயரைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம் போலிருக்கிறது.

“அப்ப ஃபேகத்தோன்னாலே கொழுக்க வெச்ச ஈரல்தானே? டாக்டரம்மா எனக்குக் கொழுத்த கொழுத்த ஈரல்னு ரெண்டு தடவ சொல்லியிருக்காங்க. இதச் சேத்துக்க உன் பேச்சுல.”

“நோ, பா.”

“சிரிப்பு வரும் பாப்பா.”

“வராது பா.”

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது வேறு. எந்த ஊரில் ஈரலை வைத்து என்ன பேசுகிறார்கள் என்றும் அவள் சேகரித்திருந்தாள். இத்தாலியில் ‘அவனுக்கு ஈரல் இருக்கிறது’ என்றால் தைரியசாலி. மலையைத் தாண்டிப் பிரான்சுக்குப் போய் அதையே ‘ஈரல்கள் இருக்கின்றன’ என்று சொன்னால் பயந்தாங்கொள்ளி. ருமேனியாவில் ஒருத்தனைப் பாடாய்ப்படுத்தினால் ‘அவன் ஈரலைத் தின்கிறாய்’ என்பார்கள். தமிழில் என்ன என்று கேட்டாள். ஈரக்குலை நடுங்கியது என்போம் என்றேன். “அப்ப நம்ம பிரெஞ்ச் கட்சி” என்றாள். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று நாம் கல்லையும் மண்ணையும் நுரையையும் வைத்துப் பெயர் வைத்திருப்பதையும் சொன்னேன். அரியலூர்க்காரன் எவனோதான் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் சிரிப்பு வரவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் ஊர்ந்து போயிருந்தால் சிரித்திருப்பாள்.

3

பெரியசாமி மாமா என் அக்காவின் கணவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவர் போனில் வானிலை விசாரித்ததுமே ஏதோ விபரீதம் என்று தெரிந்துவிட்டது.

“அங்க குளிரா மாப்ள?”

“குளிருதான் மாமா. என்னா விஷயம்?”

“ஒண்ணுமில்ல. ஒங்க அக்காவுக்கு ஈரல் சுருங்கிப் போச்சுங்கறாங்க. மாத்தணுமாம்.”

அக்கா கொளஞ்சிக்கு ஒரு வருடமாகவே காலில் வீக்கம், வயிற்றில் நீர். அவள் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. உடம்பே தன் ஈரலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வியாதியாம். பெரிய ஆஸ்பத்திரியில், இறந்தவர் ஈரலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம், ஆனால் அக்காவின் உடம்பு அதுவரை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றிருக்கிறார்கள். உயிரோடிருக்கிற நெருங்கிய சொந்தம் யாராவது பாதி கொடுக்கலாம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். மாமாவுக்குச் சர்க்கரை, ஏற்கெனவே நெஞ்சில் ஒரு குழாய் வைத்திருக்கிறது. மகள் மணிமேகலை அப்போதுதான் குழந்தை பெற்றிருந்தாள். மிச்சம் யார் என்று மாமா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“அக்கா என்னா சொல்லுது?”

“அவ ஒங்கிட்ட சொல்லவே கூடாதுங்கறா. நான் மாட்டுக் கொட்டாயில நின்னு பேசறேன்.”

அக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அவள் என்னைத் தூக்கி வளர்த்த தெய்வம் எல்லாம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் ஆயப் போன நாட்களில் என்னை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவள் எனக்கு அரசாங்கம். பருத்திக் காட்டிலிருந்து பாதியில் ஓடி வந்தால் காதைத் திருகித் திரும்ப அழைத்துக்கொண்டு போவாள். என் சட்டைக்கு அவள் தைத்த பித்தான் துணி கிழிந்தாலும் விழாது. இன்றைக்கும் குன்னம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவளுக்குத் தையல் கடை இருக்கிறது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றால் “நெசத்தக் காட்டு” என்று அதட்டுவாள்.

அவள் செத்துப்போவாள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. என் வயிற்றைக் கிழிப்பார்கள் என்பது மட்டும் உடனே பிடிபட்டது.

“மாமா, நம்ம ஈரல் கொழுப்பு பிடிச்ச ஈரல். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வாங்கிக்க மாட்டாங்களே?” என்றேன். வருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று முயன்றேன். குரல் கொஞ்சம் உற்சாகமாக வந்துவிட்டது.

4

டாக்டரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, “முடியாதுதானே?” என்று கேட்டேன். அவர் கண் மலர்ந்துவிட்டது. எவ்வளவு நல்ல தம்பி என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழுப்பு ஒரு தடையே இல்லை, கரைத்துவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன் என்பதை அதற்குமேல் எந்த மொழியில் சொல்வது?

பனியிலும் நடந்தேன். செல்வி பின்னாலேயே நடந்தாள், நான் பேக்கரிப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள. இருப்பதிலேயே சிரமம், ஆலையில் பிறந்தநாள் கேக்கை மறுப்பது. “அக்காவுக்கு ஈரல் கொடுக்கிறேன்” என்று மீர்ச்சாவிடம் ஒரு தடவை சொல்லப்போக, மறுநாள் மேலாளர் வந்து கை குலுக்கினார். இத்தாலிய மொழியில் எனக்கு ஈரல் இருக்கிறது என்று ஊரே பேசியது. எனக்கு மட்டும்தான் தெரியும், என்னுடையது பிரெஞ்சு ஈரல்.

போனில் அக்காவிடம் தினமும் பேசினேன். ஈரல் பேச்சை எடுக்காமல் பேசினேன். பனியில் வழுக்கி விழுந்த கதை, மேலாளர் போல நடித்துக் காட்டியது, எல்லாம். அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டு கேட்பாள்.

குளிர் விடுகிற சமயத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரம்மா கைதட்டினார். நானும் தட்டினேன். என் முதல் சாக்கு கரைந்துபோயிற்று.

அந்த வாரம் மாமா போன் செய்தார். “ஒங்க அக்கா எறங்கி வந்துட்டா மாப்ள. ஆனா அய்யனாருகிட்ட பூ போட்டுப் பாக்கணுமாம். சாமி வெள்ள குடுத்தா ஒன்ன வரச் சொல்லலாம். செவப்பு குடுத்தா இந்தப் பேச்ச எவனும் எடுக்கக் கூடாதுங்கறா.”

வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது என்று எங்கள் பக்கம் நிறையக் காரியங்கள் இப்படித்தான் தீர்மானமாகின்றன. ஈரல் விஷயம் அய்யனாருக்கே புதிதாகத்தான் இருந்திருக்கும்.

அங்கே உச்சி வெயில். எங்களுக்குக் காலைக் காபி இடைவேளை. கேன்டீனில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். பக்கத்தில் மீர்ச்சா. திரையில் ஏரிக்கரை, குதிரை வாகனம், பூசாரி ராசு. ராசு என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் பெரிது. கண்ணின் மஞ்சள் போனிலேயே தெரிந்தது. நான் உடனே, “என்னாக்கா, நல்லா கலரா இருக்க?” என்றேன்.

“நீயே சொல்லு பங்காளி, எதப் பிரிக்கறது?” என்று ராசு கேட்டான்.

“எடது பக்கம்.”

“எனக்கு எடதா, ஒனக்கு எடதா?”

“விபூதித் தட்டுகிட்ட இருக்குது பாரு, அது.”

அவன் குனிகிற நேரத்தில் நான் வேண்டிக்கொண்டேன். அய்யனாரே, சிவப்பு. வெளியூரிலிருந்து கேட்கிறேன், செல்லுமோ செல்லாதோ, இருந்தாலும் சிவப்பு.

ராசு பிரித்தான். அரளி. நல்ல சிவப்பு.

“ஆச்சு. சாமியே சொல்லிட்டாரு. போன வையிங்க, வெயிலு தாங்கல” என்றாள் அக்கா.

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. மீர்ச்சாவின் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். சந்தோஷம் தலைக்கேறினால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சிமெண்ட் மூட்டை கட்டுகிறவனுக்கு ஒரு புத்தி உண்டு. வரிசையிலிருந்து ஒரு மூட்டையைத் தூக்கி எடை பார்த்தால் அடுத்ததையும் தூக்கிப் பார்த்தால்தான் கை அடங்கும். எத்தனையோ வருடப் பழக்கம். “ராசு, அந்த இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டுடா, வெள்ள வாடாம இருக்கான்னு பாப்போம்” என்றேன், வெறும் விளையாட்டுக்கு.

“அதெல்லாம் பிரிக்கக் கூடாது!” என்று அக்கா நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள். அதற்குள் ராசு பிரித்துவிட்டான்.

அதுவும் சிவப்பு அரளி.

மாமாவின் கையில் இருந்த போன் ஆடியது. ஏரி, வானம், யாருடைய காலோ தெரிந்தது. “யாருடி இதக் கட்டுனது?” என்று அவர் குரல் கேட்டது.

“நான்தான் கட்டுனேன். இப்ப என்னாங்கற?”

“சாமி விஷயத்துல என்னாக்கா இது?” என்று ராசு கத்தினான்.

“சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன், நீ விபூதியக் குடு.” பிறகு போனைப் பிடுங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரை முழுக்க மஞ்சள் கண். “தெனம் தெனம் போன் பண்ணி ஜோக்கு அடிக்கற. பயமில்லாதப்ப நீ எப்படா ஜோக்கு அடிச்சிருக்க? இருட்டுல ஏரிக்கரைல நடந்து வரப்ப வாய் ஓயாம பேசிக்கிட்டு வருவியே, எனக்குத் தெரியாதா? ஒனக்கு ஒரு பொண்ணு இருக்கு. போய் வேலையப் பாரு.”

பிஸ்கட் வாயில் அப்படியே இருந்தது. மீர்ச்சாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. “சாமி என்ன சொல்கிறார்?” என்று கேட்டான்.

“சாமி வாயே திறக்கவில்லை. அக்காவே எல்லாம் பேசிவிட்டாள்” என்றேன்.

அக்காவுக்கு வாழ ஆசை இல்லாமல் இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் பேத்திக்கு ஒரு பாவாடைத் துணி வாங்கி வெட்டி வைத்திருப்பதாக மணிமேகலை சொன்னாள். அப்படிப்பட்டவள் தன் கையால் இரண்டு அரளியை மடித்து வைத்திருக்கிறாள், எனக்காக. நான் அதற்கு ஒரு பிஸ்கட் தின்று கொண்டாடியிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “எனக்கும் பயந்தாங்க. ஆனா அவங்க இப்படிப் பண்ணினப்பறம் போகாம எப்படி இருக்கறது? டிக்கெட் பாருங்க” என்றாள். கயல் அறைக்குள் போய்விட்டாள். விமான நிலையத்தில் நான் இத்தாலிய மொழியில் “போகிறேன்” என்றதும், என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தமிழ்ல சொல்லு பா.”

“என்னா சொல்லணும்?”

“அம்மா சொல்லுவாங்கல்ல, வெளிய போறப்ப. அது.”

“போயிட்டு வரேன்.”

அப்புறம்தான் பையை விட்டாள்.

5

ஊருக்குப் போனதும் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தி, வந்த வழியே போகச் சொன்னாள். நான் உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

அவளோடு முடிந்ததே தவிர அரசாங்கத்தோடு முடியவில்லை. நாங்கள் இருவரும் கூடப் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். அக்காவுக்குப் பிறப்புச் சான்றே கிடையாது. அவளுடைய அட்டைகளில் கணவர் பெயர், பழைய பள்ளிச் சான்றில் மட்டும் தகப்பன் பெயர் கலியன். என் இத்தாலிய அட்டையில் என் பெயரே அப்பா பெயர். தாலுகா ஆபீஸில் ஒருவர் எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்துவிட்டு, “சார், இதுங்கபடி பாத்தா நீங்க இவங்களுக்கு அப்பா மாதிரி வருது” என்றார். அக்கா ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள், “அவன் எனக்கு அப்பனா? வெளங்கிடும்” என்றாள். கடைசியில் கிராம அலுவலர் வீட்டுக்கு வந்து தெருவில் விசாரித்தார். நாலு பேர் சாட்சி சொன்னார்கள். ஒரு கிழவர், இவன் காதை அவள் திருகியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து அவர்கள் வழியில் ஒருமுறை உறுதி செய்துகொண்டார்கள்.

இப்போது எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அக்கா கடை திறந்துவிட்டாள். மாத்திரை மட்டும் ஆயுசுக்கும் உண்டு. எனக்கும் வளர்ந்துவிட்டது, அவளுக்கும் வளர்ந்துவிட்டது. அவளுடையது சீக்கிரம் வளர்ந்ததாம், போனில் குத்திக் காட்டுகிறாள். ஆஸ்பத்திரியில் எழுந்து உட்கார முடிந்ததுமே என் சட்டையைத் தூக்கித் தையலைப் பார்த்து, “ஓரம் ஒழுங்கா இல்ல, பிரிச்சுத் தெச்சிருக்கலாம்” என்று டாக்டரிடமே சொன்னாள். ஊரில் எல்லாரிடமும், என் தம்பி கேட்டதும் ஓடி வந்தான், கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் நம்பாதீர்கள் என்றேன். நடந்தது இது.

அறுவைக்கு முந்தின நாள், கொடுக்கிறவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது அங்கே வழக்கம். சொந்தக்காரர் ஒருவரும் கூட இருக்கக் கூடாது. சின்ன அறை. என் வயதில் ஒரு டாக்டர். கதவைச் சாத்திவிட்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் போகாமல் என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?”

“இல்லிங்க சார். வராதன்னுதான் கட்டாயப்படுத்துனாங்க.”

அவர் சிரிக்கவில்லை. “இதுல ஆபத்து கம்மி. ஆனா இல்லவே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். நல்லா இருந்த ஆளுக்குக் கத்தி வெக்கிறோம். உங்களுக்கு வேண்டாம்னா இப்பக்கூட சொல்லலாம். வெளியில நாங்க காரணம் சொல்ல மாட்டோம். ‘கடைசி டெஸ்ட்ல பொருந்தல’ன்னு மட்டும் சொல்லுவோம். உங்க அக்காவுக்குக்கூடத் தெரியாது. யாரும் உங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.”

எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று பாருங்கள். எழுந்து வெளியே போனால் போதும். மாமா தோளில் கை போட்டு, நீ என்ன பண்ணுவ மாப்ள என்பார். கேன்டீனில் எனக்கு ஈரல் இருக்கிறது என்கிற பேரும் அப்படியே இருக்கும். கயல் வந்து பையை வாங்கிக்கொள்வாள். அக்கா நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, வெட்டி வைத்த பாவாடையைத் தைக்க வேறு ஆள் பார்க்கச் சொல்வாள்.

கதவின் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். வராந்தாவில் சக்கர நாற்காலியில், இந்தப் பக்கம் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. சுவரில் ஒன்றுமே இல்லை.

ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்தேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார்.

“பயமா இருக்கா?”

“ரொம்ப பயமா இருக்குங்க சார்.”

“அப்ப என்ன சொல்லட்டும் வெளியில?”

“பயந்துகிட்டே படுத்துக்கறேன்னு சொல்லுங்க.”